ஒரு ஆள் குறையுது

மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி தேவையா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தச் சௌகரியம் சரியாக ஐந்து மாதம் நீடித்தது. ஆறாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றே முக்காலுக்கு அது முடிந்துபோனது. நூற்று அறுபத்தேழு பேர் சாட்சி.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஹெச்.ஆர். படித்து முடித்து, பெங்களூரை அடுத்த அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் ட்ரெயினிங் ஆபீசராகச் சேர்ந்திருந்தேன். கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களை அளந்து வெட்டி, நுனியில் பித்தளை முனை வைத்து, கட்டுக்கட்டாக அனுப்புகிற தொழிற்சாலை. ஈஜிபுராவில் எங்கள் தெருவில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அட்டையில் ‘ஆபீசர்’ என்று போட்டிருந்தது என்னுடையதில் மட்டும்தான். (ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கும் அதை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கடைக்காரர் எலும்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.)

அப்பா ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். முதல் நாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“அது என்ன வேலைம்மா, ட்ரெயினிங் ஆபீசர்?”

“வேலை செய்றவங்களுக்கு வேலையைப் பாதுகாப்பா எப்படிச் செய்யணும்னு சொல்லித் தரணும்பா. அது கம்பெனியோட கடமை. சட்டத்துலயே இருக்கு.”

“அப்ப எனக்கு ஏன் யாரும் சொல்லித் தரல? இருபது வருஷமா லிஃப்ட்ல நிக்கறேன். நடுவுல நின்னுபோனா என்ன பண்றதுன்னு எனக்கே தெரியாது.”

“கேட்டுப் பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டு, ஆறே கால் மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

என் மேலதிகாரி நாகராஜ் சார். ஹெச்.ஆர். மேனேஜர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், நல்ல மனிதர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். யாரும் கேட்காதவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. முதல் நாளே ஐந்து தடித்த ரிஜிஸ்டர்களை என் மேஜைமேல் வைத்தார்.

“சுகந்தி, இதான் ட்ரெயினிங் ரிஜிஸ்டர். எல்லா மாசமும் ஃபுல். நீ தலே கெடிஸ்கோபேட.” தலையைக் குழப்பிக்கொள்ளாதே என்று அர்த்தம். பெங்களூரில் இதை ஒருவர் சொன்னால், குழப்பிக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனா. மூன்று மாதப் பயிற்சிகள் ஒரே மத்தியானத்தில் எழுதப்பட்ட கையெழுத்து. ஒருவர் வேலைக்குச் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பே பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தார். அவ்வளவு ஆர்வம்.

ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மெஷின்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோருக்குப் போனேன். கிரிம்பிங் மெஷின் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டிருந்த முதல் பெயர் பவானி. ஒயர் நுனியில் பித்தளை முனையை அழுத்துகிற மெஷின் அது. பவானி ஆனேக்கலிலிருந்து வருகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர்.

“இந்த ட்ரெயினிங்ல என்ன சொல்லித் தந்தாங்கக்கா?” என்று கேட்டேன்.

பவானி இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. நகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மூடியிருந்தது.

“சேந்த ரெண்டாவது வாரம் மேடம். கையெழுத்து மட்டும் வாங்கினாங்க. கால் பெடலை எப்ப மிதிக்கணும்னு யாரும் காட்டல.”

திரும்பி வந்து நாகராஜ் சார் மேஜையில் ஐந்து ரிஜிஸ்டரையும் வைத்தேன்.

“இதுல இருக்கறது எல்லாம் பொய் சார்.”

அவர் முதலில் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “மெதுவா பேசும்மா. எனக்குத் தெரியாதா? நான் வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தான். உற்பத்தி நிக்கும்னு யாரும் நேரம் குடுக்க மாட்டாங்க.”

“பயிற்சி குடுக்கறது கம்பெனியோட கடமை சார், சட்டத்துலயே இருக்கு. நீங்க நேரம் கேட்டுக் குடுங்க. நான் நடத்தறேன்.”

அவர் நான்கு மாதம் விடாமல் கேட்டார். அதற்காக யாரிடம் எவ்வளவு திட்டு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஒயரை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வரப்போகிறார், ஆர்டர் தொடருமா என்பது அவர் கையில் இருக்கிறது, அவர் முதலில் பார்ப்பது பயிற்சியைத்தான் என்று சொல்லி, ஒரு பிரிவுக்கு நாற்பது நிமிஷம் வீதம் தினமும் வாங்கித் தந்தார். என்னுடைய தகுதிகாண் காலமும் அந்த ஆடிட் முடிகிற மாதத்தில்தான் முடிவதாக இருந்தது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பாடம் தயாரித்தேன். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நடத்திப் பார்த்தேன். (அவர் மறுநாளிலிருந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.) கன்னடம், தமிழ், தெலுங்கு என்று மூன்று பாஷையில் பேசினேன். நான்காவதாக ஹிந்தியில் பேச ஆரம்பித்தபோது, ஒடிசாவிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் “மேடம், தமிழே புரியுது” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மெஷின் பாதுகாப்பு ஒரு வாரம், முதலுதவி ஒரு வாரம். அதற்குப் பிறகு வந்ததுதான் என் உயிருக்குயிரான பாடம், தீ.

“சைரன் அடிச்சா கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு வெளிய வந்துடணும். பை, ஃபோன், டிபன் பாக்ஸ் எதுக்கும் திரும்பிப் போகக் கூடாது. உயிரைவிட டிபன் பாக்ஸ் பெருசா?”

ஸ்டோர்ஸில் வேலை பார்த்த சையது கை தூக்கினார். “மேடம், உள்ள பிரியாணி இருந்தா?”

“பிரியாணி இருந்தாலும்தான்.”

மொத்த வகுப்பும் சையதைப் பரிதாபமாகப் பார்த்தது. நான் விடவில்லை.

“உள்ள மாட்டிக்கிட்டவங்க ‘எனக்கு ஒண்ணும் இல்ல, விடுங்க’ன்னு சொல்வாங்க. நம்பாதீங்க. புகை தலைக்கு ஏறினா அப்படித்தான் பேசுவாங்க. அவங்ககூட வாதம் பண்ணக் கூடாது. ஸ்ட்ரெச்சர்ல போட்டு, பெல்ட்டைக் கட்டி, தூக்கிட்டு வந்துடணும்.”

“மேனேஜரா இருந்தாலுமா மேடம்?” இது பவானி.

“யாரா இருந்தாலும்.”

அந்த ‘யாரா இருந்தாலும்’ எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாப் பிரிவிலும், எல்லா பாஷையிலும் சொன்னேன். ஒருமுறை மேஜையைத் தட்டிக்கூடச் சொன்னேன்.

மீட்புக் குழுவுக்கு நாலு பேரைத் தேர்ந்தெடுத்தேன். தலைவி பவானி. அதிகம் பேசாத அந்தப் பெண் ஒத்திகையில் “எல்லாரும் வெளிய” என்று ஒரு குரல் கொடுத்தார். அடுத்த தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்குவதற்கு சையதும் இன்னும் இரண்டு பேரும். ஐம்பது கிலோ ஒயர் உருளையைப் படுக்கவைத்துக் கட்டி, தினமும் மத்தியானம் இரண்டு சுற்றுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிஜ மனிதர் யாராவது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று சையது ஏங்கியது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆடிட்டுக்கு முந்தின நாள் மாலை இன்னொன்றும் செய்தேன். கேன்டீன் கூரையில் இருந்த புகை உணர்கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். சமையல் பெருமாள் மாஸ்டர் எச்சரித்தார்.

“அதை எடுக்காதீங்க மேடம். தாளிச்சா கத்தும்.”

“தீப்பிடிச்சாலும் கத்தணும்ல மாஸ்டர்?”

நாற்காலிமேல் ஏறி என் கையாலேயே பையைக் கழற்றினேன். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு போட்டோ எடுத்து என் ஃபைலில் ஒட்டினேன்.

ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாத உழைப்பு அதில் இருந்தது. ஒவ்வொருவரும் வகுப்பில் உட்கார்ந்திருந்த போட்டோ, அவரவர் பேனாவில் போட்ட கையெழுத்து, தேர்வுத்தாள், மதிப்பெண். பெட்டிபோல் தடித்த நீல ஃபைல். ஆடிட்டர் அதைத் திறந்ததும் கண் கலங்குவார் என்று நான் மனசார நம்பினேன்.

ஆடிட் நாள் வந்தது. அம்மாவின் மாம்பழக் கலர் கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ஆடிட்டர் கோயம்புத்தூர்க்காரர் என்று முன்பே விசாரித்து வைத்திருந்ததால், பெருமாள் மாஸ்டரிடம் போய் “பள்ளிபாளையம் சிக்கன் பண்ணுங்க மாஸ்டர், அவர் ஊர்ப்பக்கத்துச் சாப்பாடு” என்று சொன்னேன். காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, எண்ணெயில் வறுத்து வறுத்து எடுக்கிற கறி அது. மூன்று மணிக்கு ஒத்திகை சைரன் அடிப்பதாக ஏற்பாடு. ஃபைல் பயிற்சி அறை மேஜைமேல் தயாராக இருந்தது. பயிற்சி அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

ஆடிட்டர் ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, சிறிய நோட்டு, பேச்சே கிடையாது. நாகராஜ் சாரும் நானும் அவருக்கு இரண்டு பக்கமும் மாப்பிள்ளைத் தோழர்கள்போல நடந்தோம். கிரிம்பிங் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது சைரன் அடித்தது.

நாகராஜ் சார் என் காதருகில் குனிந்தார். “மூணு மணிக்குத்தானே?”

“நான் இல்ல சார்.”

அதற்குள் நூற்றுக்கணக்கான ஒயர்கள் மேஜைமேல் விழுந்தன. பவானியின் குரல் எழுந்தது. கன்வேயர் நின்றது. ஒருவர்கூட ஓடவில்லை, ஒருவர்கூடப் பையை எடுக்கவில்லை. தரையில் நான் அடித்து வைத்திருந்த மஞ்சள் அம்புக்குறி வழியாக, வரிசை வரிசையாக, ஆடிட்டரையும் நடுவில் நடத்திக்கொண்டு, எல்லோரும் கேட் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய் நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குழந்தை முதல்முறை நடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

நாகராஜ் சார் மட்டும் பதறினார். “ஏய், ஈக அல்ல, இப்ப இல்ல. மூணு மணிக்கு. எல்லாரும் உள்ள போங்க.”

பவானி அவரைப் பார்த்துச் சொன்னார். “சைரன் ஏன் அடிச்சதுன்னு நாம முடிவு பண்ணக் கூடாது சார். ஆபீஸ் வரிசைல போய் நில்லுங்க.”

அவர் போய் நின்றார்.

ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாகப் பேசினார். “ரெண்டரை நிமிசம்ங்க. பரவால்லீங்க. பயிற்சி ரெக்கார்டெல்லாம் வெச்சிருக்கீங்களா?”

“இருக்கு சார்” என்று சொல்லித் திரும்பினேன். கேன்டீன் ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

இது ஒத்திகையும் இல்லை, கோளாறும் இல்லை, நிஜம் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த நொடி என் மூளையில் உயிர், பாதுகாப்பு, சட்டம், கடமை எதுவும் வரவில்லை. நீல ஃபைல் வந்தது. நூற்று அறுபத்துச் சொச்சம் கையெழுத்து. ‘முன்’ போட்டோ, ‘பின்’ போட்டோ. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே ஓடினேன். (இந்த இடத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கணவர் கையால் நெற்றியைப் பிடித்துக்கொள்வார்.)

நடைவழியில் கால் வைத்ததும் முகத்தில் அறைந்தது. அது தீப்புகை இல்லை, மிளகாய் நெடி. பெருமாள் மாஸ்டர் வாணலியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி, எதையும் எடுக்காமல் வெளியே போயிருந்தார். அடுப்பை மட்டும் அணைத்திருந்தார். ஆனால் கொதிக்கிற எண்ணெயில் ஒரு கிலோ மிளகாய் கறுத்துக்கொண்டிருந்தது. கண் எரிந்து மூடிக்கொண்டது. தும்மல், இருமல், மறுபடி தும்மல். தட்டுத்தடுமாறிப் பயிற்சி அறைக்குள் போய், மேஜையைத் துழாவி, ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. புகையில் குனிந்து தவழ்ந்து போக வேண்டும் என்பது என் பாடத்தின் ஏழாம் பக்கம். தவழ ஆரம்பித்தேன்.

வெளியே நடந்ததைப் பிறகு பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பவானி பெயர்ப்பட்டியலை வைத்துத் தலை எண்ணினார். ஆடிட்டரையும் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு இருக்க வேண்டும். நூற்று அறுபத்தேழுதான் வந்தது. மறுபடி எண்ணினார். பிறகு அந்தக் குரலில் சொன்னார்.

“ஒரு ஆள் குறையுது.”

பெருமாள் மாஸ்டர் “தீயெல்லாம் இல்லம்மா, மிளகாதான்” என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். பவானி கேட்கவில்லை. குழுவை அழைத்தார். ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரோடு நாலு பேரும் உள்ளே நுழைந்தார்கள். சையது முதலில் ஓடினாராம்.

நான் மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது நாலு ஜோடிக் கால்கள் வந்து நின்றன.

“கெடச்சாங்க” என்றது சையதின் குரல். இவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னைக் கண்டுபிடித்ததில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல, விடுங்க” என்றேன்.

நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே அப்புறம்தான் புரிந்தது.

“பாத்தீங்களா, அதே வார்த்தை” என்றார் பவானி. “புகை தலைக்கு ஏறிடுச்சு. தூக்குங்க.”

“பவானி, நான்தான் சுகந்தி. இது வெறும் மிளகா…” இருமல் வந்து மீதியை அடைத்தது.

“ஸ்வல்ப பொறுங்க மேடம். வாதம் பண்ணக் கூடாதுன்னு மேடமே சொல்லியிருக்காங்க.”

“அந்த மேடம் நான்தான்.”

“யாரா இருந்தாலும்.”

ஸ்ட்ரெச்சரில் என்னைப் படுக்கவைத்தார்கள். மார்புக்கு ஒரு பெல்ட், முழங்காலுக்கு ஒரு பெல்ட். ஐம்பது கிலோ உருளைக்குப் போட்டுப் பழகிய இறுக்கம். சையது என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

“மேடம், சாமான் எடுத்துட்டுப் போகக் கூடாது.”

“அது ரெக்கார்டு, சையது.”

“பிரியாணியே விட்டுட்டு வரணும்னு சொன்னீங்க.”

பவானி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் அத்தனை பேரும் வரிசை கலையாமல் நிற்க, மாம்பழக் கலர் புடவையோடு நான் ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தேன். ஒரு செருப்பு உள்ளேயே அறுந்து கழன்றுவிட்டது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. கை தட்டுவதா, அழுவதா என்று தெரியாமல் யாரோ பாதி கை தட்டினார்கள். பவானி ஆடிட்டர் முன்னால் போய் நின்று அறிக்கை கொடுத்தார். “ஒரு ஆள் குறைஞ்சது சார். கெடச்சாச்சு. சுயநினைவு இல்லாம பேசறாங்க.”

சையது என் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். நெஞ்சை அழுத்துகிற முதலுதவியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டாம்.

“மூச்சு இருக்கு” என்று கத்தினேன். “எனக்கு மூச்சு இருக்கு.”

“பேசறவங்களுக்கு அது வேணாம் சையது” என்றார் பவானி. சையது ஏமாற்றத்தோடு எழுந்து, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

அந்தக் கோணத்தில் எனக்கு ஆடிட்டரின் ஷூ தெரிந்தது. பிறகு அவர் குனிந்ததால் முகமும் தெரிந்தது.

“ஏனுங்க, நீங்க இங்க என்ன வேலை பாக்கறீங்க?”

நான் சொன்னேன். அவர் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார். எழுதும்போது அவருடைய தோள்கள் குலுங்கியதை நான் படுத்தபடியே பார்த்தேன்.

மத்தியானம் அவர் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டார். சைவமாம். ஃபைலைத் திறக்கவே இல்லை. அந்த மரத்தடியிலேயே பத்துப் பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருந்தார். பத்துப் பேரும் சரியாகச் சொல்லியிருந்தார்கள். மெஷினை எப்படி நிறுத்துவது என்று பவானி கைவைத்தே காட்டியிருந்தார்.

மாலையில் முடிவு சொல்வதற்கு உட்கார்ந்தபோது, “போன மாசம் நடந்த பயிற்சியெல்லாம் நல்லா இருக்குதுங்க. அதுக்கு முன்னால?” என்று கேட்டார்.

ஐந்து பழைய ரிஜிஸ்டர்களும் மேஜைமேல் இருந்தன. நான் நாகராஜ் சாரைப் பார்த்தேன். அவர் ரிஜிஸ்டர்களைப் பார்த்தார். பிறகு அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார். “அதுக்கு முன்னால நடக்கல சார். எழுதி மட்டும் வெச்சோம். தப்பு எங்களோடது.”

ஆர்டர் போனது என்றே நினைத்தேன். ஆடிட்டர் வெகுநேரம் எழுதினார். கடைசியில் ஆர்டர் தொடரும், ஆனால் இரண்டு குறைகளைத் திருத்த வேண்டும் என்றார். முதல் குறை, பழைய ஊழியர்கள் எல்லோருக்கும் விட்டுப்போன பயிற்சிகளைப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது குறை இப்படி இருந்தது: ‘ஆபத்து நேரத்தில் ஒரு ஊழியர் உடைமையை எடுக்கக் கட்டடத்துக்குள் திரும்பிச் சென்றார். அவருக்குப் பயிற்சி தேவை.’ கீழே என் பெயர், ஊழியர் எண், பதவி.

ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் நாகராஜ் சார் என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நீயும் ஊழியர் தானேம்மா? உனக்குப் பயிற்சி குடுக்கறது கம்பெனியோட கடமை. சட்டத்துலயே இருக்குன்னு நீதானே சொன்ன?”

ஒரு மாதத்துக்குள் திருத்தியதற்கான ஆதாரம் அனுப்ப வேண்டும். என்னை வேலையில் நிரந்தரமாக்குகிற கடிதமும் அதோடு சேர்த்துத்தான் கையெழுத்தாகும். எனக்குப் பயிற்சி கொடுக்கத் தகுதியான ஆள் என்று தொழிற்சாலையில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பவானி போர்டு முன்னால் நின்றார்.

“சைரன் அடிச்சா ஃபைல் எடுக்கப் போகலாமா?”

“கூடாது” என்றோம்.

“முதல் பெஞ்ச்ல சத்தம் வரல.”

“கூடாது.”

புதியவர்களுக்கான பாடம் ஒரே அமர்வில் மூன்று மணி நேரம். இரண்டாவது மணி நேரத்தில் எனக்கு இடுப்பு வலித்தது, கொட்டாவி வந்தது, டீ எப்போது வரும் என்று மனசு அலைந்தது. இந்தப் பாடத்தை எழுதியவள் டீக்கு இடைவேளையே விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. (அன்றிலிருந்து என் வகுப்புகளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டீ உண்டு. பிஸ்கட்டும் உண்டு.)

தேர்வில் பத்துக்கு ஒன்பது போட்டார்.

“ஆறாவது கேள்வி தப்பு மேடம்.”

“பவானி, அந்தக் கேள்வியை எழுதினதே நான்தான்.”

“அதான் படிக்காம வந்துட்டீங்க.”

ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார். என் பேனாவில் கையெழுத்துப் போட்டேன். பயிற்சியாளர் என்ற கட்டத்தில் அவர் போட்டார். அதைப் பார்த்துவிட்டு நாகராஜ் சார் மேலிடத்தில் பேசி, மூன்று மாதத்தில் பவானியைப் பாதுகாப்புப் பயிற்சியாளராகவே ஆக்கினார். இன்று அந்தத் தொழிற்சாலையின் மூன்று கிளைகளுக்கும் அவர்தான் போகிறார். முதல் வகுப்பில் அவர் சொல்கிற உதாரணத்தில் பெயர் மட்டும் மாற்றப்பட்டிருக்கும் என்று கேள்வி. மாம்பழக் கலர் புடவை மாறவில்லையாம்.

வீட்டில் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு செருப்போடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் எப்படி மறைப்பது? அப்பா மறுநாளே ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தரைத்தளத்தில் ஆரம்பித்தால் நான்காவது மாடியில் கதை முடியும். மூன்றாவது மாடியில் இறங்குகிறவர்கள் முடிவு தெரியாமல் தவித்துப்போவார்களாம். சிலர் அதற்காகவே ஒரு மாடி மேலே போய்விட்டு நடந்து இறங்கியிருக்கிறார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குக் கிளம்பும்போது கண்ணாடி வளையலை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்குள் ஓடினேன். காருக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார். “ஒரு ஆள் குறையுது.” அத்தனை சொந்தக்காரர்களும் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கதை சொல்ல வேண்டியதாயிற்று. அதோடு அது என் கணவருக்கும் சொத்தாகிவிட்டது.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. போன மாதம் குடும்பத்தோடு ஓசூருக்குக் கிளம்பினோம். ஆட்டோ வந்துவிட்டது, எல்லோரும் ஏறிவிட்டார்கள். கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து நான் மட்டும் மறுபடி மாடியேறினேன். கேஸ் மூடித்தான் இருந்தது. சார்ஜர், தண்ணீர் பாட்டில் என்று இரண்டு மூன்று சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து சத்தம் வந்தது. பால்கனியில் எட்டிப் பார்த்தேன். மகள் ஆட்டோ பக்கத்தில் நின்றுகொண்டு, வாயருகே கையைக் குவித்து, அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அம்மா, நீயா நடந்து வர்றியா, நாங்க தூக்கிட்டு வரணுமா?”